பாதம் பதிய ஒரு பலகை: பட்டர்வொர்த்தில் வாங்கிய ரப்பர் மர நாற்காலி

சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீட்டில் சாப்பாட்டு மேசைக்காக ஒரே ஒரு பொருளுக்குத்தான் பணம் ஒதுக்க முடியும் என்றால், கால் வைக்கப் பலகை உள்ள நாற்காலியை வாங்குங்கள். படம் போட்ட தட்டு, ஒட்டிக்கொள்ளும் கிண்ணம், வளைந்த கரண்டி எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். எங்கள் வீட்டில் இரவுச் சாப்பாடு அமைதியானதற்கு முக்கால் பங்கு காரணம் இந்த நாற்காலி. மீதிக் கால் பங்கு, மேசையில் எதை எங்கே வைக்கிறோம் என்பதில் இருக்கிறது. இரண்டையும் பற்றி எழுதுகிறேன்.

மலேசியாவில், பினாங்குத் தீவுக்கு எதிரே பட்டர்வொர்த்தில் அடுக்குமாடி வீடு எங்களுடையது. நான், கணவர், பாலர் பள்ளிக்குப் போகும் ஐந்து வயது மகன், இரண்டு வயதை எட்டப்போகும் மகள், கணவரின் பெற்றோரான அத்தை, மாமா. கணவருக்குத் தீவில், பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் வேலை. பாலத்து நெரிசலைத் தாண்டி அவர் வந்து சேர ஏழரை ஆகிவிடும். காலையில் ஆளுக்கொரு நேரத்தில் பசியாறிவிட்டுக் கிளம்புகிறோம். மதியம் நான் பள்ளியில். ஆறு பேரும் ஒன்றாக உட்காருவது இரவில் மட்டும்தான். அந்த அரை மணி நேரத்தை எதற்காகவும் விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.

ஆனால் அந்த அரை மணி நேரம் முன்பெல்லாம் எப்படி இருந்தது தெரியுமா? மகளுக்கு உணவகங்களில் போடுவார்களே, உயரமான பிளாஸ்டிக் நாற்காலி, அந்த மாதிரி ஒன்று இருந்தது. நாலு வாய் சாப்பிடுவாள். பிறகு ஒரு காலை மடித்து மேலே இழுப்பாள், முட்டி போடுவாள், எழுந்து நிற்பாள். பெல்ட் போட்டால் அழுகை. மகன் பெரியவர்கள் நாற்காலியில் உட்காருவான். மேசை அவன் மார்புக்கு மேலே நிற்கும். அதனால் அவனும் முட்டி போட்டுத்தான் சாப்பிடுவான். முட்டி வலித்ததும் காலைத் தொங்கவிட்டு ஆட்டுவான், அது எதிரே இருக்கும் மாமாவின் முழங்காலில் படும். "ஒழுங்கா உக்காரு" என்று ஆளுக்கொரு தடவை சொல்லி முடிப்பதற்குள் ரசம் ஆறிப்போகும்.

பிள்ளைகள் அடம்பிடிக்கவில்லை, அவர்கள் உடம்புக்கு உட்கார முடியவில்லை. இதைப் புரிந்துகொண்டதுதான் எனக்குப் பெரிய திருப்பம். பழைய கோப்பிக் கடைகளில் கால் தாங்கி இல்லாத உயரமான ஸ்டூலில் பத்து நிமிடம் உட்கார்ந்து பாருங்கள். தொடை மரத்துப்போகும், இடுப்பு முன்னால் சரியும், எதையாவது பிடித்துக்கொள்ளத் தோன்றும். பிள்ளைக்கும் அதேதான். பாதம் எதிலும் பதியாதபோது, விழாமல் நிமிர்ந்து இருப்பதற்கே வயிற்றுத் தசையும் முதுகுத் தசையும் வேலை செய்துகொண்டிருக்கின்றன. மெல்லவும் விழுங்கவும் கையால் உணவை எடுக்கவும் உடம்பு நிலையாக இருக்க வேண்டும். குழந்தைகளுக்கு உணவுப் பயிற்சி கொடுக்கிற சிகிச்சையாளர்கள் முதலில் பார்ப்பதே இதைத்தான்: இடுப்பு, முழங்கால், கணுக்கால், மூன்றும் ஏறத்தாழ 90 டிகிரியில் மடிந்திருக்கிறதா, பாதம் முழுதாகப் பதிந்திருக்கிறதா என்று.

அத்தைக்கு இந்த நாற்காலி யோசனை பிடிக்கவில்லை. "பாயை விரிச்சு உக்கார வெச்சாப் போதும். எதுக்கும்மா நானூறு வெள்ளி?" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. தரையில் சம்மணம் போட்டு உட்காரும் பிள்ளைக்குக் கால் தொங்கும் பிரச்சினையே கிடையாது. தொடை, கால், இடுப்பு எல்லாம் தரையில் பதிந்திருக்கும். கீழே விழவும் இடமில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் நாங்கள் இன்றைக்கும் பாய் விரித்துத்தான் சாப்பிடுகிறோம், அன்றைக்குப் பிள்ளைகள் இருவரும் நன்றாகவே சாப்பிடுவார்கள். ஆனால் மாமாவுக்கு முழங்கால் தேய்மானம், அவரால் தினமும் தரையில் உட்கார்ந்து எழ முடியாது. அவர் மேசையிலும் நாங்கள் தரையிலும் என்றால் அது ஒரே பந்தி ஆகாது. எல்லோரும் மேசைக்கு வர வேண்டும் என்றால், தரை தருகிற அந்தப் பிடிமானத்தைப் பிள்ளைக்கு மேசை உயரத்தில் கொடுக்க வேண்டும். நாற்காலி வாங்க அத்தை கடைசியில் சம்மதித்தது இந்தக் கணக்கைக் கேட்ட பிறகுதான்.

நாங்கள் வாங்கியது நேராக நிற்கும் இரண்டு பக்கக் கட்டைகளில் வரிசையாகக் காடி வெட்டி, உட்காரும் பலகையையும் கால் பலகையையும் வேண்டிய உயரத்தில் செருகி முடுக்கும் வகை. இந்த வடிவத்தின் மூலம் நார்வே. பீட்டர் ஒப்ஸ்விக் என்ற வடிவமைப்பாளர் உருவாக்கி, ஸ்டொக்கே நிறுவனம் 1972இல் ட்ரிப் ட்ராப் என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. குழந்தை நாற்காலியை விட்டு வளர்ந்துவிட்ட, ஆனால் பெரியவர்கள் நாற்காலிக்கு எட்டாத தன் மகனைப் பார்த்துத்தான் அவருக்கு அந்த யோசனை வந்தது. பிள்ளையைத் தனி ட்ரேயில் ஒதுக்கி வைக்காமல் குடும்பத்தின் மேசைக்கே கொண்டுவந்துவிட வேண்டும், பிள்ளை வளர வளர நாற்காலியும் கூடவே மாற வேண்டும் என்பது அதன் அடிப்படை. அந்த அசல் நாற்காலி இங்கே ஆயிரம் ரிங்கிட்டைத் தாண்டும். எங்கள் வசதிக்கு அது சரிப்படாது. அதே முறையில் இங்கேயே ரப்பர் மரத்தில் செய்ததைப் பட்டர்வொர்த்தில் ஒரு சின்னத் தளவாடக் கடையில் 389 ரிங்கிட்டுக்கு வாங்கினோம்.

அளவு வைப்பதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் நாற்காலியின் பலன் முழுவதும் இதில்தான் இருக்கிறது. எங்கள் மேசை 75 சென்டிமீட்டர் உயரம். பெரும்பாலான சாப்பாட்டு மேசைகள் இதே அளவுதான். முதலில் உட்காரும் பலகை. பிள்ளை உட்கார்ந்து தோளை இறக்கி, கையை மடித்தால் முழங்கை மேசை மட்டத்துக்கு வர வேண்டும். கீழே இருந்தால் கையைத் தூக்கித் தூக்கித் தோள் வலிக்கும். இரண்டாவது, பலகையின் ஆழம். முதுகு பின்னால் சாய்ந்திருக்கும்போது பலகையின் விளிம்புக்கும் முழங்கால் மடிப்புக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி வேண்டும். பலகை அதற்கு மேல் நீண்டால் பிள்ளை முன்னால் சரியும். கடைசியாகக் கால் பலகை. விரல் நுனி தொட்டால் போதாது, குதிகாலும் பதிய வேண்டும். எல்லாம் சரியாக வந்த பிறகு ஆலன் கீயால் நன்றாக முடுக்கிவிடுங்கள். ஒரு நாள் இரவு பிள்ளைகள் தூங்கிய பிறகு நானும் கணவரும் உட்கார்ந்து இதைச் செய்தோம். மகள் உயரம் கூடக் கூடப் பலகைகளை ஒரு காடி கீழே இறக்க வேண்டும். பள்ளி விடுமுறை வரும்போதெல்லாம் பார்த்துவிடுவது என்று வைத்திருக்கிறேன்.

கூடவே வரும் பிளாஸ்டிக் ட்ரேயை நாங்கள் மாட்டவே இல்லை. ட்ரே இருந்தால் பிள்ளை மேசையிலிருந்து ஒரு முழம் தள்ளி உட்காரும், எதிரே நடப்பது எதுவும் அதற்குச் சொந்தமாகாது. ட்ரே இல்லாமல் நாற்காலியை மேசைக்குள் தள்ளியதும் மகள் செய்த முதல் காரியம், பாட்டியின் தட்டை எட்டிப் பார்த்தது. பாட்டி கீரையைப் பிசைவதைப் பார்த்துத் தானும் பிசைந்தாள். பல மாதங்களாகத் துப்பிக்கொண்டிருந்த முருங்கைக்கீரை அன்றைக்கு உள்ளே போனது. தினமும் அப்படி நடக்கிறது என்று சொல்ல மாட்டேன். ஆனால் இப்போது இருபது நிமிடம் வரை இறங்காமல் உட்காருகிறாள். இறங்க வேண்டும் என்றால் எழுந்து நிற்பதில்லை, கால் பலகையில் பாதத்தைத் தட்டிக் காட்டுகிறாள். அந்த வயதுக்கு இருபது நிமிடம் நிறையத்தான்.

மரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ரப்பர் மரத்தில் பால் குறைந்துபோனதும், அதாவது 25, 30 வருடத்தில், அதை வெட்டிவிட்டுப் புதுக்கன்று நடுவார்கள். முன்பெல்லாம் அந்த மரம் விறகாகப் போகும். ஈரம் பட்டால் பூஞ்சை பிடிக்கும், வண்டு துளைக்கும் என்பதால் தளவாடத்துக்கு ஆகாது என்று ஒதுக்கியிருந்தார்கள். போரான் மருந்து ஏற்றிச் சூளையில் உலர்த்தும் முறை வந்த பிறகு நிலைமை மாறியது. இன்றைக்கு மலேசியத் தளவாடங்களில் பெரும் பங்கு இந்த மரம்தான். ஜொகூரில் மூவார் நகரமே அந்தத் தொழிலுக்குப் பெயர் போனது. அத்தை கெடாவில் ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். சின்ன வயதில் தன் அம்மாவோடு விடியற்காலையில் ரப்பர் பால் பிடிக்கும் மங்கு துடைக்கப் போனவர். பெட்டியைப் பிரித்ததும் கட்டையைத் தடவிப் பார்த்து, "இது நம்ம பால் மரம்தானே" என்றார். அதற்கு அப்புறம் நாற்காலியின் விலையை அவர் பேசவே இல்லை.

சரி, குறைகளுக்கு வருகிறேன். முதல் குறை, பெல்ட். ஐந்து இடத்தில் மாட்டும் பெல்ட், பிடிப்பு உறுதியாகவே இருக்கிறது. ஆனால் கழற்றித் துவைக்க வேண்டும் என்றால் இரண்டு ஸ்க்ரூவை அவிழ்க்க வேண்டும். ரசமும் தயிரும் ஊறும் ஒரு துணிப்பட்டையை இப்படி மாட்டியிருக்கக் கூடாது. வாரக் கடைசியில் கழற்றிச் சவர்க்காரத் தண்ணீரில் ஊற வைக்கிறேன். மெத்தை ஒன்றும் தனியாக விற்கிறார்கள், 45 ரிங்கிட். அதை வாங்காதீர்கள். நம் வீட்டுக் குழம்புக்கு அது ஒரு வாரம் தாங்காது.

இரண்டாவது, காடிகள். சோற்றுப் பருக்கை அதற்குள் போய்க் காய்ந்துவிடும், துடைக்காமல் விட்டால் காலையில் எறும்பு வரிசை கட்டும். பழைய பல் துலக்கும் பிரஷ் ஒன்றை இதற்கென்றே வைத்திருக்கிறேன். மஞ்சள் கறை இன்னொரு தொல்லை, வெளிர் நிற மரத்தில் சாம்பார்த் துளி அப்படியே நிற்கும். தேய்த்துத் தேய்த்து மேல் பூச்சைக் கெடுக்க வேண்டாம். ஈரத்துணியால் துடைத்துவிட்டுப் பலகையைக் கழற்றிப் பால்கனி வெயிலில் வையுங்கள். மஞ்சளின் நிறம் வெயிலில் வெளுத்துவிடும்.

மூன்றாவது குறையை எல்லோரும் கவனமாகப் படியுங்கள். கால் பதிய இடம் கிடைத்த பிள்ளை அந்தப் பலத்தை வைத்து மேசையை எட்டி உதைக்கவும் கற்றுக்கொள்ளும். வழவழப்பான தரையில் நாற்காலி பின்னால் நகரும், ஏதாவது தடுக்கினால் சாயும். அசல் நார்வே நாற்காலிக்குப் பின்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் சறுக்குத் துண்டு உண்டு, சாயாமல் வழுக்கிப் பின்னால் போவதற்காக. நாங்கள் வாங்கியதில் அப்படி ஒன்று கிடைக்கவில்லை. அதனால் மகளின் இடத்தைச் சுவரை ஒட்டி மாற்றினோம். நாற்காலியின் முதுகுக்கும் சுவருக்கும் நடுவே அரைச் சாண் கூட இருக்காது, சாய வழியில்லை. பெல்ட் எப்போதும் போட்டிருக்க வேண்டும், பக்கத்தில் பெரியவர் ஒருவர் எப்போதும் இருக்க வேண்டும். நம் ஊர் ஈரக் காற்றில் ஸ்க்ரூக்கள் மெல்ல மெல்ல இளகுகின்றன, மாதம் ஒருமுறை முடுக்கிவிடுங்கள். வாங்கும்போது இ.என். 14988 என்ற ஐரோப்பியத் தர எண் இருக்கிறதா என்று பாருங்கள், அது குழந்தைகளின் உயரமான நாற்காலிக்கான பாதுகாப்புத் தரம்.

மகனுக்கு இன்னொரு நாற்காலி வாங்கவில்லை. இரண்டு ரிங்கிட் கடையில் கிடைக்கும் பிளாஸ்டிக் முக்காலி ஒன்றை அவன் காலடியில் வைத்து, உட்காரும் இடத்தில் கெட்டியான பலகை ஒன்றைப் போட்டு உயர்த்தினோம். பலகை நழுவாமல் இருக்க அடியில் அலமாரிக்குப் போடும் ரப்பர் விரிப்பு. அவனுக்கு அதுவே போதுமானதாக இருக்கிறது. நானூறு வெள்ளி செலவழிக்க முடியாத வீடுகள் இதையே செய்யலாம். நாற்காலியில் தானே ஏறி இறங்கத் தெரிந்த பிள்ளைக்கு மட்டும் இது சரி. இரண்டு வயதுக் குழந்தைக்கு வேண்டாம்.

இப்போது மேசை. எங்கள் மேசையின் நடுவில் முன்பு ஊறுகாய், சட்னி பாட்டில்கள், மருந்துப் பெட்டி, டிஷ்யூ, பில் காகிதம் எல்லாம் குடியிருந்தன. பிள்ளையின் கண்ணில் படுவதெல்லாம் கைக்கும் வேண்டும். எல்லாவற்றையும் ஒரு தட்டில் அடுக்கிப் பக்கத்து அலமாரிக்கு மாற்றிவிட்டேன். விரிப்புத் துணியை எடுத்துவிட்டேன், சின்னப் பிள்ளை அதைப் பிடித்து இழுத்தால் மேலே இருக்கும் கொதிக்கும் குழம்போடு வரும். சூடான பாத்திரங்கள் மேசைக்கே வருவதில்லை. அலமாரியின் மேல் வைத்து நானோ கணவரோ பரிமாறுகிறோம். இதில் எதிர்பாராத ஒரு நன்மை: "அதை எடு, இதை நகர்த்து" என்ற பேச்சே மேசையில் இல்லாமல் போனது.

யார் எங்கே என்பதும் நிலையாகிவிட்டது. சுவரோரம் மகள், அவளுக்கு வலப்பக்கம் பாட்டி, இடப்பக்கம் நான். சமையலறைக்குப் போகும் பக்கம் கணவர். மாமாவும் மகனும் எதிரே, தொலைக்காட்சிக்கு முதுகு காட்டி. மாமா தமிழ்ச் செய்தி பார்க்காமல் இருக்க மாட்டார், அதனால் செய்தி முடிந்த பிறகுதான் தட்டு போடுகிறோம். கைப்பேசிகள் குளிர்பெட்டியின் மேல் ஒரு கூடையில். இரண்டு முதல் நான்கு வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு ஒரு நாளில் மொத்தம் ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை கூடாது, இரண்டு வயதுக்குள் வேண்டவே வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொல்லியிருக்கிறது. சாப்பாட்டு நேரத்தில் அந்தக் கணக்கே வேண்டியதில்லை என்பது என் முடிவு. காணொளி பார்த்தபடி வாயைத் திறக்கும் பிள்ளைக்கு வயிறு நிறைந்தது தெரியாது, என்ன சாப்பிட்டோம் என்பதும் தெரியாது.

தட்டுக்கு எவர்சில்வர்தான். ஃபெர்ரியில் ஜோர்ஜ்டவுனுக்குப் போய் லெபு பாசாரில் குழி வைத்த தட்டு இரண்டு வாங்கினேன். விளிம்பு உயரமாக இருப்பதால் பிள்ளை விரலால் சோற்றை ஓரத்துக்குத் தள்ளி அள்ள முடிகிறது. சோறு, பருப்பு, காய் தனித்தனியாக இருப்பதால் "குழம்பு பட்டுடுச்சு" என்ற அழுகையும் குறைந்தது. குட்டி டம்ளரில் கால் வாசிதான் தண்ணீர். கொட்டினால் ஒரு துணியால் துடைத்துவிடலாம், திட்ட வேண்டிய அவசியமே வராது. என்ன சமைப்பது, எப்போது சாப்பிடுவது என்பது பெரியவர்கள் முடிவு. எவ்வளவு சாப்பிடுவது என்பது பிள்ளையின் முடிவு. "இன்னும் ஒரே ஒரு வாய்" என்று பாட்டி கெஞ்சுவதை நிறுத்தத்தான் எல்லாவற்றையும் விட அதிக நாள் பிடித்தது. சாயங்காலம் ஐந்தரைக்கு மேல் மைலோ கிடையாது என்று வைத்த பிறகு, கெஞ்ச வேண்டிய தேவையே குறைந்துவிட்டது.

கடையைப் பற்றி. கடைக்காரர் வயதான சீனர், மலாயில்தான் பேசிக்கொண்டோம். மகளைச் செருப்பைக் கழற்றச் சொல்லி நாற்காலியில் உட்கார வைத்து, அவரே குனிந்து கால் பலகையை இரண்டு காடி ஏற்றிக் காட்டினார். அவசரப்படுத்தவில்லை, விலை கூடிய மாடலைத் தள்ளிவிடவும் இல்லை. ஒரு ஸ்க்ரூ மரை கழன்றிருந்தது என்று போன் செய்தோம், மறுநாள் காலை ஒரு பொட்டலம் ஸ்க்ரூவைக் கணவரிடம் காசு வாங்காமல் கொடுத்தார். பாகங்களாகப் பிரித்துப் பெட்டியில்தான் தருவார்கள், வீட்டில் நாம்தான் பூட்ட வேண்டும். படம் போட்ட விளக்கத்தாள் தெளிவாக இருக்கிறது, இரண்டு பேர் இருந்தால் சிரமமில்லை.

போவதற்கு முன் உங்கள் மேசையை அளந்து எழுதிக்கொண்டு போங்கள். தரையிலிருந்து மேசையின் மேல்மட்டம் வரை ஓர் அளவு, தரையிலிருந்து மேசைக்கு அடியில் ஓடும் சட்டம் வரை இன்னோர் அளவு. அந்தச் சட்டம் ரொம்பக் கீழே இறங்கியிருந்தால் பிள்ளையின் தொடை உள்ளே போகாது, நாற்காலி வெளியிலேயே நின்றுவிடும். கண்ணாடி மேசை வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சிக்கல் பெரும்பாலும் வராது. பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கள், உட்கார வைத்துப் பார்க்காமல் வாங்க வேண்டாம். தீவுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கத் தனிக் கட்டணம் கேட்பார்கள். அந்தப் பெட்டி சாதாரண காரின் பின்னிருக்கையிலேயே அடங்கும், எங்கள் வீட்டுக்கும் அது அப்படித்தான் வந்தது.